கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளையைப் பாருங்கள்

கேள்வி: மேடம், கரூரில் வசிக்கிறேன். மகளுக்கு 10 வயது. ஒன்றரை வருடமாக வீட்டுக்கு அருகில் ஒரு கராத்தே வகுப்புக்குப் போகிறாள். அதற்குள் பிரவுன் பெல்ட் வாங்கிவிட்டாள். அடுத்து பிளாக் பெல்ட் கிரேடிங்குக்கு 15,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு மாதமாக "நான் போகமாட்டேன்" என்கிறாள். காரணம் கேட்டால் சொல்வதில்லை. மாஸ்டர் கண்டிப்பானவர், பெற்றோர் உள்ளே உட்கார அனுமதி இல்லை. வேறு இடம் மாற்றலாமா என்று பார்த்தால் ஏசி ஹாலில் டேக்வாண்டோ, ஒரு மாடியில் குங்ஃபூ, கோயில் திடலில் ஒரு பெரியவர் சொல்லிக்கொடுக்கும் சிலம்பம் என்று மூன்று இருக்கின்றன. சிலம்பத்துக்கு அரசு வேலையில் ஒதுக்கீடு உண்டு, அங்கேயே போடு என்கிறார் கணவர். எந்தக் கலை சிறந்தது? நல்ல மாஸ்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? (எனக்கே சின்ன வயதில் சிலம்பம் கற்க ஆசை இருந்தது. அப்பா விடவில்லை. இனி 37 வயதில் அதைப் பேசி என்ன.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

எந்தக் கலை, எந்த மாஸ்டர் என்பதற்கெல்லாம் பிறகு வருகிறேன். கடிதத்தின் நடுவில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன இரண்டு வரிகள்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டன. இரண்டு மாதமாகப் போகமாட்டேன் என்கிறாள், காரணம் சொல்வதில்லை. பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகவும் மாலையில் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவளாகவும் 24 ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன். பிள்ளைகள் வகுப்பை வெறுப்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணமே இருக்கும். கூட வந்த தோழி நின்றிருப்பாள். எல்லார் முன்னாலும் கட்டா என்ற அசைவு வரிசை மறந்துபோய் நின்றிருப்பாள். தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள பையனோடு, எதிரெதிரே நின்று மோதும் குமிட்டே போடவிட்டு வயிற்றில் வாங்கியிருப்பாள். முழங்கால் வலிக்கும், சொன்னால் திட்டு விழும் என்று மறைப்பாள். ஆனால் சில சமயம் காரணம் இவை எதுவுமாக இருக்காது. எது என்று தெரியும்வரை அவளை அங்கே அனுப்பாதீர்கள், 15,000 ரூபாயும் கட்டாதீர்கள்.

எதிரே உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். தலை வாரிவிடும்போதோ, பட்டாணி உரிக்கும்போதோ, அவள் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு நேரத்தில் பேசுங்கள். "ஏன் போகமாட்டேங்கிற?" என்ற கேள்வியே பிள்ளைக்குக் குற்றச்சாட்டு மாதிரிதான் கேட்கும். "கடைசியா போன அன்னைக்கு என்னல்லாம் நடந்துச்சு, உள்ள போனதுல இருந்து சொல்லு" என்று ஆரம்பியுங்கள். இதுவரை கட்டிய பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அவள் பேச ஆரம்பித்தால் இடையில் புகாதீர்கள்.

யாரோ அடித்தார்கள், தொடக் கூடாத விதத்தில் தொட்டார்கள், தனியாக மெசேஜ் அனுப்பினார்கள் என்று சொன்னால், நம்புங்கள். "நிஜமாவா? சரியா ஞாபகம் இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். கணவரை அழைத்துக்கொண்டு மாஸ்டரிடம் சண்டைக்கும் போகாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள், அல்லது நேராக அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கத்தான் 2012-இன் போக்சோ சட்டம் இருக்கிறது. புகார் கொடுத்தால் பிள்ளையின் பெயர் வெளியே வராது என்பதையும் அந்தச் சட்டமே உறுதி செய்கிறது.

அப்படி எதுவும் இல்லை, வெறும் சலிப்புதான் என்று தெரிந்து நீங்கள் நிம்மதி அடைய வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் அப்போதும் அந்த வகுப்புக்கு அவளைத் திருப்பி அனுப்பச் சொல்ல மாட்டேன். அம்மா அப்பா இருந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும் என்று காரணம் சொல்வார்கள். கொஞ்சம் சிதறும், உண்மைதான். முதல் வாரம் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டாவது வாரம் மறந்துவிடுவார்கள். எங்கள் திடலில் ஓரமாக ஒரு சிமென்ட் திண்ணை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. சிறு பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லித்தர வேண்டிய ரகசியம் எந்தக் கலையிலும் கிடையாது.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பணத்தைக் கட்டாவிட்டால் இத்தனை நாள் உழைப்பு வீணாகிவிடுமோ என்ற கவலை உங்கள் எழுத்தில் தெரிகிறது. பெல்ட் கராத்தேயில் பிறந்ததே இல்லை. 1882-இல் ஜப்பானில் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ தன் மாணவர்களின் தேர்ச்சியைப் பிரித்துக் காட்டக் கொண்டுவந்த முறை அது. ஒகினாவாவிலிருந்து 1922-இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தே சொல்லிக்கொடுத்த புனாகோஷி கிச்சின் அதை எடுத்துக்கொண்டு, 1924-இல் தன் மாணவர்களுக்கு முதல்முறையாக 'டான்' என்ற பிளாக் பெல்ட் தகுதி கொடுத்தார். பிளாக் பெல்ட்டின் முதல் நிலைக்கு 'ஷோடான்' என்று பெயர். தொடக்கப்படி என்பதுதான் அதன் பொருள். அடிப்படைகளைக் கற்று முடித்தவர், இனி உண்மையாகவே கற்க ஆரம்பிக்கலாம் என்று சொல்லும் இடம் அது. வாரம் இரண்டு மூன்று நாள் பயிற்சியில் அங்கே வந்து சேர நாலைந்து வருடமாவது ஆகும் என்பது நான் மதிக்கும் கராத்தே ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வது. டேக்வாண்டோவில் சியோலில் இருக்கும் தலைமையகமான குக்கிவான் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 'டான்' என்றே கொடுப்பதில்லை, 'பூம்' என்று தனித் தகுதி வைத்திருக்கிறது. பிள்ளையின் உடம்பும் மனசும் வேறு என்ற மரியாதை அதில் இருக்கிறது. 10 வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட் என்றால் அவள் விரைவாகக் கற்றாள் என்று பொருள் கொள்ளாதீர்கள். கிரேடிங் விரைவாக நடந்திருக்கிறது.

அவள் கற்றது எதுவும் வீணாகாது. நின்ற நிலை, மூச்சு, இடுப்பைத் திருப்பிக் கையை விடுவது எல்லாம் உடம்பில் இருக்கும். அவள் போட்டுப் பழகிய ஹெயான் கட்டாக்கள் இருக்கின்றனவே, அவற்றின் மூலமான பினான் கட்டாக்களை ஒகினாவாவின் இட்டோசு ஆங்கோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளி மாணவர்களுக்கு ஏற்றபடி அமைத்தார். கடினமான பழைய கட்டாக்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நினைத்த ஆசிரியர் அவர். புனாகோஷியும் பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர்தான். ஆகவே கராத்தே மேல் கோபம் வேண்டாம், அது பிள்ளைகளை நினைத்துப் பார்த்த கலைதான்.

எந்தக் கலை சிறந்தது என்ற கேள்விக்கு என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். நான் சிலம்பக்காரி. என் பிள்ளையாக இருந்தால் கையில் கம்பைத்தான் கொடுப்பேன். ஆனால் 10 வயதுப் பிள்ளைக்கு மோசமான சிலம்ப வாத்தியாரைவிட நல்ல டேக்வாண்டோ மாஸ்டர் ஆயிரம் மடங்கு மேல். கம்பைப் பிடித்தால் தோளும் மணிக்கட்டும் கண்ணும் முதலில் தேறும். டேக்வாண்டோவில் காலும் இடுப்பும். ஜூடோ கிடைத்தால் அதில் முதல் பாடமே அடிபடாமல் விழுவது. வாழ்நாள் முழுக்க உதவும் பாடம் அது, வயதான பிறகு இன்னும் அதிகமாக. இந்த வித்தியாசங்கள் எல்லாம் உண்மைதான், ஆனால் உங்கள் மகள் இன்னும் ஐந்து வருடம் கழித்தும் ஆசையோடு போகிறாளா என்பதை இவை முடிவு செய்யாது. அதை முடிவு செய்பவர் சொல்லிக்கொடுக்கிறவர்.

சரி, அவரை எப்படி அடையாளம் காண்பது? ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஆரம்பத்திலிருந்து கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை. எல்லாரும் முன்வரிசையைப் பார்ப்பார்கள். அங்கே மாஸ்டரின் மகனோ, மாநிலப் போட்டியில் மெடல் வாங்கிய பையனோ சுழன்றுகொண்டிருப்பான். அவனைப் பார்க்காதீர்கள், அவன் எங்கே விட்டாலும் கற்றுக்கொள்வான். கடைசி வரிசைக்குப் போங்கள். அங்கே ஒரு குண்டுப் பிள்ளை இருக்கும், இடது கை எது வலது கை எது என்று தடுமாறும் ஒன்று இருக்கும், பயந்த பிள்ளை ஒன்று இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மாஸ்டர் எத்தனை முறை கடைசி வரிசைக்கு வந்தார்? வந்து என்ன செய்தார்? பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, "ஏய் குண்டு" என்றாரா? காலடியைத் தன் காலால் செய்து காட்டினாரா, பிரம்பால் தட்டினாரா? ஒரு பிள்ளையைத் திருத்தும்போது மற்றவர்கள் சிரிக்க விட்டாரா? அங்கேயே அவர் யார் என்பது தெரிந்துவிடும்.

இதை நான் எங்கே கற்றேன் என்று சொல்ல வேண்டும். 13 வயதில் நான் முதன்முதலில் சேர்ந்த இடத்தில் நான்தான் அந்தக் கடைசி வரிசைப் பிள்ளை. அந்த மாஸ்டர் நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. கம்பு அவர் கையில் இருப்பதே தெரியாது, காற்று கிழியும் சத்தம் மட்டும்தான் வரும். ஆனால் தாமதமாக வந்தால் திடலைச் சுற்றிக் குந்தியபடியே நடக்கும் வாத்து நடை. மறந்தால் வாத்து நடை. ஒருநாள் நான் ஆறு சுற்று போனேன். மறுநாள் முழங்கால் வீங்கி, இரண்டு மாதம் பள்ளிக்கு நொண்டிக்கொண்டு போனேன். வளரும் பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே எலும்பு இன்னும் முழுசாகக் கெட்டிப்படாத இடம் ஒன்று உண்டு, அதைப் போட்டு இழுக்கக் கூடாது என்பதை உடற்கல்விப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவரை அவருடைய வாத்தியார் அப்படித்தான் நடத்தியிருப்பார். ஆனாலும் இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த முழங்கால் எனக்கு அவரை ஞாபகப்படுத்துகிறது.

இரண்டாவது வாத்தியாரிடம் போனது என் சித்தப்பாவின் பிடிவாதத்தால். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. போன முதல் நாளே கம்பு தருவார் என்று நினைத்தேன். "உக்காந்து பாரு தாயி" என்றார். ஒரு வாரம் பார்க்க மட்டும்தான் விட்டார். பிறகு மூன்று வாரம் கம்பே இல்லாமல் காலடி. மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, அதன் மேல் நடக்க வைத்தார். எனக்கு முழங்கால் சரியில்லை என்பதை நான் சொல்லவே இல்லை. நாலாவது நாள் அவரே கேட்டார்: "இடது கால் ஊன மாட்டேங்குதே, என்ன ஆச்சு?" அன்றைக்கு நான் அழுதது வலியால் இல்லை.

அவரிடம் இன்னொன்றும் பார்த்தேன். அவருக்கு நெடுங்கம்பும், வெறுங்கையால் ஆடும் குத்துவரிசையும் கைவந்தவை. மான் கொம்பை ஆயுதமாக வைத்து ஆடுவதைக் கற்க வேண்டும் என்று நான் கேட்டபோது, "எனக்கு அது பாதிதான் தெரியும், தப்பாச் சொல்லிக்கொடுத்துருவேன்" என்று சொல்லி, இன்னொரு ஊர் வாத்தியாரிடம் தானே கூட்டிக்கொண்டு போய் விட்டார். பஸ் டிக்கெட்டும் அவர்தான் எடுத்தார். இத்தனை வருடத்தில் பிள்ளைகளின் பெற்றோர் யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது: மாஸ்டரிடம் "உங்களுக்கு எது வராது?" என்று கேட்டுப் பாருங்கள். நல்லவர் யோசித்துவிட்டு ஏதாவது ஒன்றைச் சொல்வார். கராத்தே, குங்ஃபூ, சிலம்பம், களரி, வர்மம், யோகா, கிக்பாக்சிங் எல்லாம் நானே சொல்லித்தருவேன் என்பவரிடம் "இதில் எதை யாரிடம், எத்தனை வருடம் கற்றீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். வாத்தியாரின் வாத்தியார் யார் என்று கேட்பது நம் மண்ணில் அவமரியாதை இல்லை. தன் ஆசானின் பெயரைச் சொல்லும்போது கையைக் கூப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நீங்கள் எழுதிய மூன்று இடங்களுக்கும் இந்தக் கண்ணோடு போய்ப் பாருங்கள். ஏசி இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, சீருடை பளிச்சென்று இருக்கிறது என்பதெல்லாம் ஹாலின் தகுதி. தரையில் மேட் போட்டிருக்கிறார்களா, உதைத்துப் பழகும்போது தலைக் கவசமும் மார்புக் கவசமும் போடுகிறார்களா, பிள்ளைகளை எடையும் வயதும் பார்த்து ஜோடி சேர்க்கிறார்களா என்று பாருங்கள். டேக்வாண்டோவில் தலைக்கு உதை உண்டு. தலையில் அடிபட்ட பிள்ளையை "ஒண்ணும் இல்ல, எந்திரி" என்று அன்றே மறுபடி களத்தில் இறக்கும் இடம் எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும் வேண்டாம். தலைச்சுற்று, வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை, டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓய்வு. இது எல்லாக் கலைக்கும் பொது.

மாடிக் குங்ஃபூவைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. மாடிக்கு ஏறிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஏறி இறங்க ஒரே ஒரு வழிதான் உண்டா, மாலை வகுப்பில் எத்தனை பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கோயில் திடல் பெரியவரிடம் ஒருமுறைக்கு இரண்டுமுறை போங்கள். திடல், பெரியவர், கம்பு என்று கேட்டவுடனே எனக்கு மனசு அங்கே சாய்கிறது. அதனாலேயே எச்சரிக்கையும் சொல்கிறேன். பெரியவர் என்பதாலும் பாரம்பரியம் என்பதாலும் யாரும் நல்ல ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. கம்புகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். சிறு பிள்ளைகள் கையில் எடை குறைந்த பிரம்போ மெல்லிய மூங்கிலோ இருக்க வேண்டும். பிள்ளை நேராக நின்றால் புருவ மட்டத்துக்கோ நெற்றி மட்டத்துக்கோ வருவது அவளுக்குச் சரியான அளவு. பெரியவர்கள் சுற்றும் கம்பை 10 வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் மணிக்கட்டு போகும். வெடித்த கம்பு, சிலாம்பு கிளம்பிய கம்பு களத்தில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நல்ல வாத்தியார் பிள்ளைகள் வருவதற்கு முன்பே கம்பைத் தடவிப் பார்த்திருப்பார். எதிராளியைக் கம்பால் தொட்டு ஆடும் தொடுமுறை ஆடவிடும்போது தலைக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு உண்டா, பெண் பிள்ளைகளையும் தொடுமுறைக்கு விடுகிறாரா, அல்லது அவர்களுக்கு அலங்கார வீச்சு போதும் என்று ஓரம் கட்டுகிறாரா என்பதைக் கட்டாயம் பாருங்கள். எதிரே ஒருவர் கம்போடு நிற்கும்போதுதான் பயம் எப்படி இருக்கும், அதோடு எப்படி மூச்சுவிடுவது என்று ஒரு பெண் பிள்ளை கற்றுக்கொள்கிறாள். என் முதல் இடத்தில் அது எங்களுக்கு மறுக்கப்பட்டது. இரண்டாவது வாத்தியார் கம்பு நுனியில் சுண்ணாம்பைத் தடவி, பையன்களோடு சேர்த்து எங்களையும் ஆடவிட்டார். ஆட்டம் முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணுவோம்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். இப்போது ஊர் ஊராக 'உலக சாதனை' நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பானை மேல் நின்று கம்பு சுற்றுவது, ஆணிப் பலகை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது, வெயிலில் மணிக்கணக்காக நிறுத்தாமல் சுற்றுவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நுழைவுக் கட்டணம், சான்றிதழ், கேடயம், மறுநாள் செய்தித்தாளில் படம். கராத்தே பக்கம் ஓடு உடைப்பது. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் விரல்களை ஓட்டில் மோதவிட்டுக் கைதட்டி வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும் அந்தச் சான்றிதழ்கள் கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவாது, வேலைக்கும் உதவாது. மூன்று மணி நேரம் ஒரே வீச்சைச் சுற்றிய பிள்ளைக்குத் தோள்வலி மட்டும்தான் மிச்சம். வகுப்பில் சுவர் முழுக்க இப்படிப்பட்ட கேடயங்கள் இருந்தால், பிள்ளைகளை இதில் சேர்ப்பது கட்டாயமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வளைந்து சுருளும் சுருள்வாளையும், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திய தீப்பந்தத்தையும் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் இடத்தில் கேட்பதற்குக்கூட நிற்காதீர்கள்.

உங்கள் கணவர் சொன்னது தவறில்லை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பமும் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகச் சிலம்பம் இடம்பெற்றது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எத்தனை பெரிய நாள் என்று சொல்லித் தீராது. ஆனால் அந்த ஒதுக்கீடு குறிப்பிட்ட அளவிலான போட்டிகளில், அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் வழியாக ஆடி, பதக்கம் பெற்றவர்களுக்கு. ஒரே கலைக்கு இங்கே பல சங்கங்கள் இருக்கின்றன, எல்லாவற்றின் பெயரிலும் 'மாநில', 'அகில இந்திய', 'உலக' என்று ஏதாவது ஒன்று இருக்கும். எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும் என்பதை மாஸ்டரிடம் கேட்பதைவிட, உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் போய்க் கேட்பது நல்லது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. மற்றபடி, 10 வயதுப் பிள்ளையின் கையில் கம்போடு சேர்த்து அரசு வேலையையும் இப்போதே கொடுத்துவிடாதீர்கள் என்று கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கம்பு கனத்துவிடும்.

இடம் பிடித்தாலும் உடனே வருடக் கட்டணம் கட்ட வேண்டாம். ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். சீருடை, கம்பு, போட்டிக் கட்டணம், கிரேடிங் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியூர்ப் போட்டி என்றால் கூட ஒரு பெண் பொறுப்பாளர் வருவாரா, அறிவிப்புகள் பெற்றோரின் எண்ணுக்கு வருமா பிள்ளைக்குத் தனியாக வருமா என்பதையும் கேளுங்கள். ஒழுங்கான ஆசிரியருக்கு இந்தக் கேள்விகள் எரிச்சல் தராது. எங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால், இந்த வீட்டுப் பிள்ளையை நம்பிச் சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் தோன்றும்.

அந்த ஒரு மாதம் முடியும்போது மகளிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், உங்களுக்காக நல்லா இருக்கு என்பாள். வீட்டில் யாரும் பார்க்காதபோது துடைப்பக் கட்டையை எடுத்துச் சுற்றுகிறாளா என்று பாருங்கள். அவள் கொஞ்ச நாள் எதுவுமே வேண்டாம் என்றாலும் விடுங்கள். ஆறு மாதம் மண்ணில் விளையாடிவிட்டு வரட்டும். பயந்து வெளியே வந்த பிள்ளைக்கு அந்த இடைவெளி தேவைப்படலாம்.

இனி அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியது. ஒரு கடிதத்தில் மனசுக்கு மிக நெருக்கமானதைத்தான் அடைப்புக்குறிக்குள் போடுவோம் என்று எனக்குப் படுகிறது. 37 வயது என்ன வயது? என்னிடம் 52 வயதில் ஒருவர் சேர்ந்தார், வீடுகளில் சமையல் வேலை செய்பவர். முதல் மாதம் கம்பைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார். கீழே விழும் ஒவ்வொரு முறையும் சுற்றிலும் பார்ப்பார், யாராவது சிரிக்கிறார்களா என்று. மூன்றாவது மாதம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இப்போது இரட்டைக் கம்பு சுற்றுகிறார். போட்டிக்குப் போக மாட்டார், சான்றிதழும் கேட்டதில்லை. தோள் பிடிப்பு போய்விட்டது, அதைவிட, ராத்திரி பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கும்போது நிமிர்ந்து நிற்கிறேன் என்று சொன்னார்.

நீங்கள் அந்தத் திடலுக்குப் போகும்போது பெரியவரிடம் பிள்ளைக்காக மட்டும் கேட்காதீர்கள். "நானும் கத்துக்கலாமா ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பதை அறிய இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. சிரித்துவிட்டு "உங்களுக்கெதுக்கும்மா" என்றால் பிள்ளையையும் அங்கே விட வேண்டாம். வீட்டில் சம்மதமா என்று கேட்டாலும் அதே பதில்தான். "முட்டி வலி, பிரஷர் ஏதும் இருக்கா?" என்று கேட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

ஆரம்பத்தில் வாரம் இரண்டு நாள் போதும். முதல் பத்து நாள் மணிக்கட்டும் பின்தோளும் வலிக்கும், அது போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற மாதிரி வலித்தால் மட்டும் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். வெறுங்காலில் மண்ணில் நிற்கப் பழகுங்கள், முள் கல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பு உங்கள் புருவ உயரம் இருக்கட்டும். புடவை வேண்டாம். சுடிதார் என்றால் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்ளுங்கள், வீச்சில் கம்பு அதில்தான் முதலில் சிக்கும்.